1942: பர்மா வழியும் செட்டிநாட்டுக் கணக்கும்

போர்க்காலத்தில் அரசுகள் பிறப்பிக்கும் ஆணைகள் இராணுவத் தேவையின் பெயராலேயே வெளிவருகின்றன. ஆனால் யாரை வெளியேற விடுவது, யாரைத் தடுத்து நிறுத்துவது, யாருடைய இழப்புக்கு ஈடு தருவது என்பவற்றைப் பெரும்பாலும் உள்நாட்டு அரசியலே முடிவு செய்கிறது என்பதை 1942ஆம் ஆண்டின் பர்மாவும் அதே ஆண்டின் அமெரிக்காவும் ஒருசேரக் காட்டுகின்றன. பர்மாவில் உடைமை இழந்தவர்களுள் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து நாட்டுக்கோட்டை நகரத்தார் முதன்மையானவர்கள் என்பதால், அந்த ஆண்டின் கதை செட்டிநாட்டுக்கு அயல்நாட்டு வரலாறு அன்று.

1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமான பின், ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாக மாறியபோது, அதற்கு வேண்டிய முதலைப் பர்மிய விவசாயிக்குக் கடனாகத் தந்தவர்கள் நகரத்தார். 'கொண்டுவிக்கப் போதல்' என்று அவர்கள் சொல்லும் இவ்வெளிநாட்டுத் தொழிலின் பர்மாத் தலைமையிடம் ரங்கூனின் மொகல் தெரு. அங்கே கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில், ஒவ்வொரு விலாசத்தின், அதாவது நிறுவனத்தின், ஏஜெண்டும் ஒரு பெட்டகமும் கணக்கெழுதும் சாய்மேசையும் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்து, ஊரில் இருக்கும் முதலாளிக்காக மூன்றாண்டுத் தவணையில் கடை நடத்தினார். 1930இல் வெளியான பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அங்கிருந்த நகரத்தார் கடைகளைச் சுமார் 1,650 என்றும், அவற்றில் புழங்கிய முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

அந்த அறிக்கை வெளிவந்த வேளையில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பாத இடங்களில் அடமான நிலம் கடைக்காரர் கைக்கு வந்து சேர, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் சாகுபடி நிலத்தின் 6 விழுக்காட்டை வைத்திருந்த நகரத்தார், 1938இல் ஏறக்குறைய 25 விழுக்காட்டை வைத்திருந்தனர். வட்டியும் புழங்கும் பணமுமே தொழிலாக உடையவருக்கு விற்க முடியாத நிலம் சுமைதான். என்றாலும் பாட்டன் வெட்டிய காட்டில் குத்தகைதாரனாகிப்போன பர்மிய விவசாயிக்கு அந்த விளக்கத்தால் பயன் ஏதும் இல்லை என்பதை, செட்டிநாட்டுப் பெருமை பேசும் நூல்கள் பல எளிதாகக் கடந்துவிடுகின்றன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டதும் இந்தக் கோபம் ரங்கூன் சட்டமன்றத்துக்குள் நுழைந்து, குத்தகைச் சட்டமாகவும், நிலம் விவசாயி அல்லாதாருக்குக் கைமாறுவதைத் தடுக்கும் சட்டமாகவும் உருவெடுத்தது. ஜப்பானியக் குண்டு விழுமுன்பே மொகல் தெருவின் காலடி நிலம் நழுவத் தொடங்கியிருந்தது.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனின் மீது முதல் குண்டுகள் விழுந்தபோது இந்தியர்கள் பெருந்திரளாக நகரை விட்டு ஓடினர். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களும் நகரின் துப்புரவைச் செய்தவர்களும் அவர்களே ஆதலால், அவர்கள் போய்விட்டால் நகரம் நின்றுவிடும் என்று அஞ்சிய காலனி அரசு, வடக்கே ப்ரோமில் நடைவழியை மறித்ததோடு, வயதுவந்த இந்திய ஆண்கள் மேல்தளச் சீட்டில், அதாவது கப்பலின் திறந்த தளத்தில் செல்லும் மலிவுக் கட்டணத்தில், புறப்படுவதையும் தடுத்தது. அறைச்சீட்டு வாங்க முடிந்தவருக்குக் கடல்வழி திறந்திருக்க, கூலிக்காரருக்கு மட்டும் அது அடைபட்டது. 1942 மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தபின் தடை பொருளற்றுப்போய், அரக்கான் வழியாகவும் தமு–இம்பால் மலைப்பாதை வழியாகவும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்களுள் மிகப் பலர் நடந்தே வந்தவர்கள். காலராவாலும் பசியாலும் வழியில் இறந்தோரின் எண்ணிக்கை பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை மதிப்பிடப்படுகிறது. மலைப்பாதையிலும் வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பாகுபாடு காட்டப்பட்டதைக் காந்தி கடுமையாகக் கண்டித்தார். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா தம் பர்மா நடைப்பயணத்தைத் தமிழில் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

ரங்கூன் காலியாகிக்கொண்டிருந்த அதே பிப்ரவரியில், 19ஆம் நாள், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் ஒப்பமிட, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர், பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்தும், முகாம்களில் அடைக்கப்பட்டனர். ரங்கூன் துறைமுகத் தடையில் தெரியும் கணக்கு இங்கே தலைகீழாகத் தெரிகிறது. கலிபோர்னியாவில் ஜப்பானியரின் காய்கறித் தோட்டங்களோடு போட்டியிட்ட வெள்ளை விவசாயிகளின் சங்கங்கள் அவர்களை அகற்றச் சொல்லி நெருக்கின. கூட்டரசுப் புலனாய்வுத் துறைத் தலைவர் ஹூவரே பெருந்திரள் வெளியேற்றம் தேவையில்லை என்று கருதியும் அது நடந்தது. ஆனால் தாக்கப்பட்ட ஹவாய்த் தீவுகளில், மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினராக இருந்தும், அவர்களின் உழைப்பின்றித் தீவு இயங்காது என்பதால், மொத்தமாக அடைக்கும் பேச்சு நடைமுறைக்கு வரவில்லை. உழைப்பு வேண்டியிருந்தால் ஆளை நிறுத்திவைப்பதும், போட்டி தொந்தரவானால் ஆளை அகற்றுவதும் இரண்டுமே பாதுகாப்பு என்ற ஒரே பெயரில் நடந்தன.

போருக்குப் பின் இரு சாராரின் பாதைகளும் பிரிகின்றன. அமெரிக்க ஜப்பானியருக்கு வாக்கும் செனட்டில் இடமும் இருந்தன. 1980களில் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, இராணுவத் தேவை அன்று, இனவெறுப்பும் போர்ப் பதற்றமும் அரசியல் தலைமையின் தவறுமே காரணம் என்று முடிவு கூற, 1988இல் உயிருடனிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் மன்னிப்பும் கிடைத்தன. பர்மாவிலோ, ஜப்பானிய ஆட்சியின் நோட்டுகள் 1945இல் செல்லாதவையாக, 1948இல் விடுதலை பெற்ற அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. நிலம் பறிபோன நகரத்தாருக்குப் பர்மாவில் வாக்கு இல்லை. இந்தியாவில் நேரு அரசு அண்டை நாட்டு நட்பையே பெரிதாகக் கருதியது.

செல்வாக்கும் வலுவும் உள்ள தரப்புக்கும்கூடப் பர்மாக் கணக்கு எளிதில் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. 1942இல் ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று ஆங்கிலேயரே அழித்த எண்ணெய்க் கிணறுகளுக்கு ஈடு கேட்ட பர்மா எண்ணெய் நிறுவனத்துக்கு, அரசு தர வேண்டும் என்று 1964இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, பணம் கொடுக்க வேண்டியிராதபடி, முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றி நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பை இல்லாமல் ஆக்கிவிட்டது.