நோக்கம் முடிவுகளில் தெரிய வேண்டும்

நிறுவனங்களின் வரவேற்பறைகளில் 'எங்கள் நோக்கம்' என்ற பலகையைக் காண்கிறோம். இக்கட்டான முடிவை எடுக்கும் நாளில் அந்த வாசகம் வழிகாட்டுகிறதா என்பதே கேள்வி.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் ஜி. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே அவரது நோக்கம். கட்டணம் செலுத்துவோரால் கிடைத்த வருவாய், செலுத்த இயலாதோரின் சிகிச்சைக்கும் பயன்பட்டது. கண்புரை அறுவை சிகிச்சைக்கான வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைகளுக்குத் தடையானபோது, 1992-இல் 'ஆரோலேப்' உருவாக்கப்பட்டு, மதுரையிலேயே குறைந்த விலையில் லென்ஸ் தயாரானது.

லாபக் கணக்கு மட்டுமே பார்த்திருந்தால் இந்தத் தொழிற்கூடம் பிறந்திருக்காது. தலைமைக் கொள்கையை வகுக்க விரும்பும் தொழில்முனைவோர், யாரைக் கைவிடக் கூடாது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். வாசகத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.