தீயின்முன் நின்றார்க்கு ஒரு கல்

ஆநிரை கவர்தல் வெட்சி; கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை. நமக்கு இன்று கிடைத்துள்ள நடுகற்களுட் பல, மீட்கச் சென்று மாண்டவர்க்கு எடுத்தவை. அவற்றை எடுத்தோரும் முடிவேந்தர் மட்டுமல்லர். சுற்றத்தாரும் ஊராரும் தம் பொருள்கொண்டு நட்டனர். கல்லைக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியர் இதற்குத் துறை வகுத்துள்ளார்.

சென்ற தவணையில் இப்பகுதியைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்தபோது அணைக்கப் போனவர்கள் யார்? அவர்களுக்குக் கல் உண்டா?” என்றான். யான் விடையின்றி நின்றேன்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. துறையில் நின்ற சகாயிங் என்னும் கப்பல் தீப்பற்றியது. பின்னர் நீருள் அமிழ்த்தப்பட்ட அதன் உடலை 2018இல் நம் கடற்படையினர் மேலே கொணர்ந்தனர். குதமொன்றும் பற்றியெரிந்தது, அத்தீ ஏழு நாள் நின்றதென்பர். குதத்தின்மீது மோதியதாகக் கூறப்படும் விமானத்தில் இருந்த மூவரின் பெயர்கள்கூட நூல்களில் உள. பகைவனாயினும் மாண்டவன் பெயரை எழுதுவது தகும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்று நெருப்பை எதிர்த்து நின்றவர்க்கென்று பெயர் பொறித்த கல் எதனையும் இத்துறையில் யான் கண்டதில்லை.

இரண்டாண்டு கழித்து, 1944 ஏப்பிரல் 14இல், பம்பாய்த் துறைமுகத்தில் நிகழ்ந்ததை நோக்குக. ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருளும், பஞ்சுப் பொதிகளும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கலத்தில் அடுக்கிய மதியை என்னென்பது! நண்பகலுக்குப் பின் பஞ்சில் தீ கண்டது. தீயணைப்போர் நீரை ஓயாது இறைத்தனர்; தீயின் மூலம் எங்குள்ளதென்று தெரியவில்லை. மாலை 4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்தது. அரைமணி அளவில் மீண்டும் வெடித்தது. தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டனர். பைக்குளாவிலுள்ள அப்படையின் தலைமையகத்தில் அவர்க்கு நினைவுச்சின்னம் உண்டு. இந்தியா முழுதும் ஏப்பிரல் 14 தீயணைப்புப் பணி நாளாகக் கொள்ளப்படுகிறது.

இலண்டன் மாநகரின் கதை வேறு. போர் தொடங்கிய காலத்தில் துணைத் தீயணைப்புப் படையில் சேர்ந்தோரைப் போர்க்களத்துக்கு அஞ்சி ஒளிந்தவர் என்று மக்கள் எள்ளினர். 1940 செப்டெம்பரில் குண்டுமழை பொழிந்தபின் அவ்வாய்கள் அடங்கின. அக்காலத்தில் பணிபுரிந்த சிறில் டெமார்ன் என்னும் தீயணைப்பு அலுவலர், தம் தோழர்க்கு ஒரு சின்னம் வேண்டுமென்று முதுமையில் முயன்றார். அறக்கட்டளையொன்று நன்கொடை திரட்டியது. டெமார்னின் மருகரான சிற்பி யோன் மில்ஸ் மூவரை வெண்கலத்தில் வார்த்தார். 1991 மே 4இல் தூய பவுல் பேராலயத்தின் அருகே அது திறக்கப்பெற்றது. போர்க்காலத்தில் மாண்ட ஆயிரம் அளவினரின் பெயர்கள் அதில் உள. பெண்டிர் பெயர்களும் உள. அமைதிக் காலத்தில் மாண்டோர் பெயர்கள் 2003இல் சேர்க்கப்பெற்றன.

போர் முடிந்து நாற்பத்தைந்தாண்டு கழித்தன்றோ அச்சிலை எழுந்தது! ஆயினும் அவர்க்கு ஒரு வசதி இருந்தது: பெயர்ப்பட்டியல் கையில் இருந்தது. நமக்கோ, கல்வெட்டுவார் இருப்பினும், வெட்டுதற்குரிய பெயர் எங்கே? துறைமுகத்தில் கூலிக்கு நின்றவன், நீர்க்குழாய் பிடித்தவன், எரிகலத்திலிருந்து பிறரை இறக்கியவன் ஆகியோரை அறிந்தோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். அன்று பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று தொண்ணூறு கடந்தோர்.

வினவிய மாணவனையும் அவன் தோழர் நால்வரையும் அழைத்து, ஆளுக்கொரு கொப்பி கொடுத்துள்ளேன். தத்தம் தெருவிலுள்ள முதியோரிடமும், துறைமுகத்தில் தொழில்செய்தோர் குடும்பங்களிலும் கேட்டு எழுதிவரப் பணித்தேன். பெயர் தெரியாவிடின் தொழிலையாவது, ஊரையாவது எழுதுக என்றேன். பணம் சேர்ப்பது பற்றி அக்கொப்பிகள் வந்தபின் பேசுவோம்.