3 பேருக்கு 250 அறைகள்: அமெரிக்கக் கோடீஸ்வரர்களின் பண்ணை மாளிகைகள் ஒரே தலைமுறையில் காலியானது ஏன்?

1895-ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. வீடு என்று சொன்னாலும் அதில் இருந்தவை 250 அறைகள். அவற்றில் படுக்கையறைகள் 35, குளியலறைகள் 43. குளிர்காய 65 கணப்பு அடுப்புகள் வேறு. தரைக்குக் கீழே நீச்சல் குளமும், பௌலிங் விளையாடத் தனி இடமும் இருந்தன. இத்தனையும் கட்டிய ஜார்ஜ் வாண்டர்பில்ட்டுக்கு அப்போது 33 வயது, கல்யாணம்கூட ஆகவில்லை!

பிறகு மனைவி வந்தார், ஒரு மகள் பிறந்தார். ஆக மொத்தம் 3 பேர் கொண்ட குடும்பம். ஆனால், இருபதே ஆண்டுகளுக்குள் அந்தக் குடும்பம் நிலத்தை விற்க வேண்டி வந்தது. அப்படி என்னதான் நடந்தது?

அது என்ன ‘முலாம் காலம்’?

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு ரயில், எஃகு, எண்ணெய் தொழில்களில் சிலர் கையில் பணம் கொட்டியது. சுமார் 1870 முதல் 1900 வரையிலான அந்தக் காலத்துக்குப் பெயர் ‘கில்டட் ஏஜ்’. எழுத்தாளர் மார்க் ட்வைன், சார்லஸ் டட்லி வார்னருடன் சேர்ந்து 1873-ல் எழுதிய நாவலின் தலைப்பு அது. தமிழில் சொன்னால், ‘பொன்முலாம் பூசிய காலம்’. பொற்காலம் இல்லை, கவனியுங்கள். மேலே தங்கப் பூச்சு, உள்ளே வேறு ஏதோ என்கிற நக்கல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

நியூயார்க்கில் சம்பாதித்தவர்கள் ஊருக்கு வெளியே போட்டி போட்டுக்கொண்டு மாளிகை கட்டினார்கள். கடலோர நகரமான நியூபோர்ட்டில் 70 அறைகள் கொண்ட ‘தி பிரேக்கர்ஸ்’ மாளிகையை ஜார்ஜின் அண்ணன் கொர்னேலியஸ் கட்டினார். கோடைக்காலத்தில் சில வாரங்கள் மட்டும் தங்க வந்த இந்த மாளிகைகளை அவர்கள் ‘காட்டேஜ்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அதாவது, குடிசை வீடு!

காசு எங்கிருந்து வந்துச்சு?

ஜார்ஜின் தாத்தா பெயரும் கொர்னேலியஸ்தான். படகு ஓட்டி ஆரம்பித்தவர், நீராவிக் கப்பல், பிறகு ரயில் என்று வளர்ந்தார். 1877-ல் அவர் இறந்தபோது சொத்து சுமார் 10 கோடி டாலர். அவருடைய மகன் வில்லியம் அதை 8 ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கினார்.

தாத்தா இறந்த அதே 1877-ல் இன்னொரு சம்பவமும் நடந்தது. பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டிப் பல ரயில் கம்பெனிகள் தொழிலாளர்களின் கூலியைக் குறைத்தன. வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பரவியது. ராணுவம் இறங்கியது. சுமார் 100 பேர் செத்துப்போனார்கள்.

வரி? அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 1894-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வருமான வரிச் சட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 4,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 2% மட்டும்தான் வரி. அதையும் 1895-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் செல்லாது என்று சொல்லிவிட்டது. பில்ட்மோர் மாளிகை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

வீடா, தொழிற்சாலையா?

பில்ட்மோரைக் கட்ட 6 ஆண்டுகள் ஆயின. சுமார் 1,000 பேர் வேலை பார்த்தார்கள். கல்லும் மரமும் கொண்டுவர 3 மைல் நீளத்துக்குத் தனி ரயில் பாதை போட்டார்கள். அங்கேயே சூளை வைத்து ஒரு நாளைக்கு 32,000 செங்கல் அறுத்தார்கள். கட்டி முடித்த பிறகும் வேலை குறையவில்லை. சமைக்க, துவைக்க, அடுப்புக்கு விறகு போட, குதிரையைப் பார்த்துக்கொள்ள என்று ஆட்கள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வேலைக்காரப் பெண்கள் நான்காவது மாடியில் தங்கினார்கள்.

நிலத்தைப் பார்த்தால் இன்னும் மலைப்பாக இருக்கும். உச்சத்தில் 1,25,000 ஏக்கர், அதாவது 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் காலியாகக் கிடந்த காடும் உண்டு, மக்கள் வாழ்ந்த ஊரும் உண்டு. கறுப்பின மக்கள் சொந்த நிலத்தோடு வாழ்ந்த ஷைலோ என்ற குடியிருப்பு அப்படிப்பட்டது. வாண்டர்பில்ட் தரப்பு நிலத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கியது. ஆனால், வீடுகள் மட்டும் போகவில்லை. தேவாலயமும் கல்லறைகளும்கூட வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன.

கணக்கு எங்கே உதைத்தது?

ஜார்ஜ் சம்பாதிக்கிற ஆள் இல்லை. புத்தகம், ஓவியம், பயணம் என்று வாழ்ந்தவர். அப்பா விட்டுச்சென்றதில் அவர் பங்கு சுமார் 1 கோடி டாலர். அன்றைக்கு அது பெரிய தொகை. ஆனால், வருமானம் தராத ஒரு மாளிகை அதைத் தின்றுகொண்டே இருந்தது.

1913-ல் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி வருமான வரி வந்தது. முதலில் அதிகபட்சம் 7%. முதல் உலகப் போர்ச் செலவால் 1918-ல் அது 77% ஆனது. 1916-ல் வாரிசுச் சொத்துக்கும் வரி வந்தது. போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் ஆட்களை இழுத்துக்கொண்டதால், குறைந்த கூலிக்கு வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டமானது. மலிவான உழைப்பு, வரியில்லாப் பணம் ஆகிய இரண்டு கால்களில் நின்ற மாளிகைக்கு இரண்டுமே ஆட்டம் கண்டன.

ஜார்ஜ் 1914-ல், குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். மனைவி ஈடித், சுமார் 87,000 ஏக்கர் காட்டை அரசுக்கு விற்றார். விலை, ஏக்கருக்கு சுமார் 5 டாலர்தான். அதுதான் இன்றைய பிஸ்கா தேசிய வனத்தின் மையப் பகுதி.

மற்ற மாளிகைகள் என்ன ஆயின?

பல இடிந்துபோயின. பிலடெல்பியா அருகே 1921-ல் கட்டி முடிக்கப்பட்ட ‘வைட்மார்ஷ் ஹால்’ மாளிகையில் 147 அறைகள். 1980-ல் அது தரைமட்டமாக்கப்பட்டது. ‘தி பிரேக்கர்ஸ்’ மாளிகையைக் கட்ட ஆன செலவு சுமார் 70 லட்சம் டாலர் என்கிறார்கள். 1948-ல் அதைப் பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஆண்டுக்கு 1 டாலர் வாடகைக்குக் கொடுத்தார்கள். 1972-ல் அதே சங்கத்துக்கு விற்றபோது கிடைத்தது 3,65,000 டாலர்.

பில்ட்மோர் தப்பித்தது எப்படி? 1930-ல் ஜார்ஜின் மகளும் மருமகனும் டிக்கெட் போட்டு வாசலைத் திறந்துவிட்டார்கள். இன்று 8,000 ஏக்கரோடு, ஒயின் ஆலையும் ஓட்டல்களுமாக அது ஒரு லாப நிறுவனம். உரிமை இன்னும் ஜார்ஜின் வாரிசுகளிடம்தான். ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கும் மேல் வந்து பார்க்கிறார்கள்.

யாரோ 3 பேருக்காகக் கட்டிய வீட்டை, இப்போது காசு கொடுத்து நுழைகிற லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மாளிகைக்குள் போகிறவர்கள் அலங்கார விளக்குகளை அண்ணாந்து பார்ப்பது இயல்புதான். அப்படியே நான்காவது மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அறைகளையும் ஒருமுறை எட்டிப் பார்த்தால், முலாமுக்குக் கீழே என்ன இருந்தது என்பது புரிந்துவிடும்.