எலியை விடு... கீயைத் தொடு!

பயோடெக், பயோ-இன்ஃபர்மேடிக்ஸ் படிக்கிற மக்களே... ஃபைனல் இயர் புராஜெக்ட்ல புரோட்டீன் சீக்வென்ஸ் அலைன்மென்ட் பண்ணச் சொல்லிட்டாங்களா? ஸ்கிரீன் முழுக்க கலர் கலரா எழுத்துகள், மவுஸைப் பிடிச்சு இழுத்து இழுத்தே மணிக்கட்டு கழண்டு விழுற மாதிரி ஃபீலிங்கா? இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் ஓடிடாதீங்க. இது நம்ம எல்லாரோட ரத்தத்துலயும் ஓடுற மேட்டர்!

ஒரே தாத்தா... ரெண்டு பேரன்!

புரோட்டீன்கிறது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்துக் கட்டின மாலை. ஒவ்வொரு அமிலத்துக்கும் ஒரு ஆங்கில எழுத்து. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினையே எடுத்துக்குங்க. அதுல ஆல்ஃபா, பீட்டானு ரெண்டு வகைச் சங்கிலி. ஆல்ஃபாவில் 141 எழுத்து, பீட்டாவில் 146. ரெண்டும் ஒரே மூதாதை ஜீன்ல இருந்து பிரிஞ்சு வந்த பங்காளிங்க.

ஆல்ஃபா 'வி, எல், எஸ், பி...'னு ஆரம்பிக்கும். பீட்டா 'வி, ஹெச், எல், டி, பி...'னு ஆரம்பிக்கும். அப்படியே மேல கீழ வெச்சா, இதுல முதல் எழுத்து மட்டும்தான் ஒத்துப்போகும். ஆனா, ஆல்ஃபாவில் அந்த 'வி'க்கு அடுத்து ஒரே ஒரு கேப் விட்டுப் பாருங்க... 'எல்'லுக்கு நேர் 'எல்', 'பி'க்கு நேர் 'பி' டக்குனு உட்கார்ந்துடும். இப்படி இடைவெளி விட்டு சொந்தக்காரங்களை நேருக்கு நேர் நிக்க வைக்கிறதுதான் அலைன்மென்ட்.

கிளஸ்டல், மசில் மாதிரி புரோகிராம்கள் இந்த வேலையைத் தானாவே பண்ணிடும். ஆனாலும், கடைசியா ஒரு மனுஷக் கண்ணு பார்த்தே ஆகணும். அந்தப் பார்வைக்கான சாஃப்ட்வேர்தான் ஜால்வியூ. 1990-களில் ஜெஃப் பார்ட்டன் டீமில் மிஷேல் கிளாம்ப் எழுத ஆரம்பிச்சது, இன்னிக்கு ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்துல வளர்ந்துட்டு இருக்கு. பைசா செலவில்லை, சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கு.

மவுஸ் கையில இருந்தா...

ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டு ஒரு எழுத்தை வலது பக்கம் இழுத்தா கேப் விழும். இடது பக்கம் இழுத்தா கேப் போகும். ஒரே ஒரு வரிசை மட்டும் நகரும். பத்து வரிசையைச் சேர்த்து நகர்த்தணுமா? முதல்ல அதையெல்லாம் செலக்ட் பண்ணிட்டு, ஷிஃப்ட்டுக்குப் பதிலா கன்ட்ரோலை அழுத்தி இழுங்க. மேக் வெச்சிருக்கிற பணக்காரப் புள்ளைங்களுக்கு அது கமாண்ட் கீ!

எல்லாம் ஈஸிதான். ஆனா, கை லேசா நடுங்கி ஒரு கேப்புக்கு ரெண்டு கேப் விழுந்தாலும், அதுக்கு வலது பக்கம் இருக்கிற எழுத்தெல்லாம் ஒரு கட்டம் தள்ளிடும். அங்கேதான் கீபோர்டு ஹீரோவா என்ட்ரி ஆகுது.

எஃப்-2 தட்டு... எண்ணைச் சொல்லு!

எஃப்-2 அழுத்தினா கர்சர் மோடு. ஒரு எழுத்து மேல கறுப்புக் கட்டம் வந்து உட்காரும். அம்புக்குறி கீகளால அதை எங்கே வேணும்னாலும் ஓட்டலாம். அஞ்சு கேப் வேணுமா? 5 தட்டி ஸ்பேஸ் பார். மூணை எடுக்கணுமா? 3 தட்டி டெலீட். இழுக்கிற வேலையும் இல்லை, எண்ணுற வேலையும் இல்லை!

ஒண்ணு மட்டும் உஷார். கர்சர் மோடுல டெலீட் கேப்பை எடுக்கும். நார்மல் மோடுல அதே டெலீட், நீங்க செலக்ட் பண்ணின பகுதியையே வெட்டித் தூக்கிடும். எந்த மோடுல இருக்கோம்னு பார்த்துட்டுக் கையை வைங்க. வெட்டிட்டா பதறாதீங்க, கன்ட்ரோல்-இசட் இருக்கு.

6-ஆ... 7-ஆ?

கர்சர் மோடுல 6 தட்டி 'சி' அழுத்தினா ஆறாவது பத்திக்குப் போகும். 6 தட்டி 'பி' அழுத்தினா, கேப்பையெல்லாம் கணக்குல சேர்க்காம, அந்த வரிசையோட ஆறாவது எழுத்துக்குப் போகும். வித்தியாசம் சின்னதா தெரியுதா? பீட்டா சங்கிலியின் ஆறாவது எழுத்து 'இ', அதாவது குளுட்டமிக் அமிலம். அது வேலினா, 'வி'யா மாறினா சிக்கிள்செல் நோய். 1950-களில் இதைக் கண்டுபிடிச்சவர் வெர்னான் இங்கிராம். இந்தியாவில் அந்த சிக்கிள்செல் பற்றி முதன்முதலா எழுதப்பட்டது, 1952-ல், நம்ம நீலகிரி பழங்குடி மக்களைச் சோதிச்ச பிறகு. 146 எழுத்துல ஒரே ஒரு எழுத்து, ஒரு குழந்தையோட வாழ்க்கையையே வலியாக்கிடுது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. டேட்டாபேஸ்ல இருந்து இறக்கின ஃபைல்ல ஆரம்ப மெத்தியோனினையும் சேர்த்து எண்ணியிருப்பாங்க. அப்போ அதே எழுத்து 7-வது! 'ஆறாவது'னு புத்தகத்துல படிச்சுட்டு கண்ணை மூடிக்கிட்டு 6 தட்டினா, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டின கதைதான்.

பாக்கெட்ல வெச்சுக்க ஒரு பிட்!

* எண் + எஸ்: அந்த எண்ணுள்ள வரிசைக்குத் தாவ (கர்சர் மோடு)
* க்யூ, எம்: செலக்ட் பண்ற கட்டத்தின் மேல் இடது மூலை, கீழ் வலது மூலை (கர்சர் மோடு)
* கன்ட்ரோல்-எஃப்: தேட
* கன்ட்ரோல்-இ: வெறும் கேப்பா நிக்கிற பத்திகளைத் தூக்க
* எஸ்கேப்: செலக்‌ஷனைக் கலைக்க (நார்மல் மோடு)
* லேப்டாப்ல எஃப்-2 வேலை செய்யலையா? எஃப்-என் கீயையும் சேர்த்து அழுத்துங்க

கடைசியா ஒரு வார்த்தை. கை வேகமாயிட்டா ஆசையும் வேகமாயிடும். 'இங்கே ஒரு கேப் போட்டா ரிசல்ட் அழகாயிடுமே'னு மனசு சொல்லும். கேப் போடுறதுன்னா, பரிணாமத்துல அங்கே எழுத்து கூடியிருக்கு அல்லது உதிர்ந்திருக்குனு நீங்க அடிச்சுச் சொல்றீங்கனு அர்த்தம். ஒரிஜினல் ஃபைலைத் தனியா சேவ் பண்ணிட்டு, எங்கே, ஏன் மாத்தினீங்கனு ஒரு நோட்டுல எழுதி வைங்க. வைவாவில் 'இந்த கேப் எப்படி வந்துச்சு?'னு எக்ஸ்டர்னல் கேட்டா, கீபோர்டு வந்து பதில் சொல்லாது பாஸ்... நீங்கதான் சொல்லணும்!