பாட்டு தெளிவா கேக்குது, பேச்சு மட்டும் ஏன் கிணத்துக்குள்ள போகுது?

சங்கரன்கோவில்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரு நேயர் அனுப்புன கேள்வியை எடுத்துக்கலாம். "அண்ணே, புதுசா ப்ளூடூத் ஹெட்செட் வாங்குனேன். பாட்டு அருமையா இருக்கு. ஆனா போன் இண்டர்வியூல மூணு தடவை 'உங்க வாய்ஸ் கிளியரா இல்ல'ன்னு சொல்லிட்டாங்க. ஹெட்செட் டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட்டா இருக்கணும்னு இல்ல தம்பி. விலை கூடுன ஹெட்செட்லயும் இது நடக்கும். பாட்டு கேக்கும்போது ஒரு வழி, பேசும்போது வேற வழின்னு ப்ளூடூத் ரெண்டு தனித்தனி முறையில வேலை செய்யுது.

பாட்டுக்கான முறைக்குப் பேரு ஏ2டிபி. போன்ல இருந்து காதுக்கு ஒரு வழிப்பாதை. நொடிக்கு 300 கிலோபிட்டுக்கு மேல கூட தகவல் போகலாம், ஸ்டீரியோவும் உண்டு. நீங்க கால் எடுத்த அந்த நொடி, மைக் வேலை செய்யணுமே, அதனால போன் அதை விட்டுட்டு எச்எஃப்பிங்கிற இன்னொரு முறைக்கு மாறிடும். இது இருவழிப்பாதை, ஆனா ரொம்ப ஒடுக்கம். போறதுக்கு 64 கிலோபிட், வர்றதுக்கு 64 கிலோபிட், அவ்வளவுதான். லேப்டாப்ல பாட்டு ஓடிட்டு இருக்கும்போது மீட்டிங்ல சேர்ந்தா பாட்டு திடீர்னு பழைய ரேடியோ மாதிரி ஆகுதுல்ல, அது இந்த மாற்றம்தான்.

எச்எஃப்பியோட பழைய வடிவம் குரலை நொடிக்கு 8,000 தடவை மட்டும்தான் அளந்து எடுக்கும். அப்படி எடுத்தா 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ள சத்தம் எல்லாம் காணாமப் போயிடும். 'ஸ்'ங்கிற ஒலியோட உயிரே பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கு. அதான் போன்ல இமெயில் முகவரி சொல்லும்போது 'எஸ்'ஸா 'எஃப்'பான்னு திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. வோல்ட்டி வந்த பிறகு நெட்வொர்க் ஏறக்குறைய 7,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் குரலைக் கொண்டு போகுது. நாமதான் காதுக்கும் சட்டைப்பைக்கும் நடுவுல அதை நெறிச்சுடுறோம். 2011-ல வந்த எச்எஃப்பி 1.6-ல 16,000 தடவை அளக்குற வசதி சேர்ந்துச்சு. ஆனா போன், ஹெட்செட் ரெண்டுலயும் அது இருந்தாத்தான் பலன்.

இன்னொரு விஷயம் இருக்கு. பாட்டு மொட்டைமாடித் தொட்டித் தண்ணி மாதிரி. கொஞ்சம் முன்கூட்டியே சேத்து வச்சுத்தான் ஓடும், நடுவுல சிக்னல் ஒரு கணம் அறுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பேச்சு அடிபம்பு. அடிச்சா வரும், நிறுத்துனா நிக்கும். சேத்து வச்சா பேச்சு தாமதமாகும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்குவாங்க. அதனால அறுந்தது அறுந்ததுதான்.

சிக்னல் ஏன் அறுகுது? ப்ளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல. இந்தியாவுல 2005-ல இருந்து குறைந்த சக்திக் கருவிகளுக்கு அங்க லைசென்ஸ் தேவையில்ல. வைஃபையும் அதே தெருவுலதான் குடியிருக்கு. நெரிசலைச் சமாளிக்க ப்ளூடூத் 79 சேனல்கள்ல நொடிக்கு 1,600 தடவை இடம் மாறி மாறித் தாவுது. ஆனா நம்ம உடம்புல இருக்கிற தண்ணி அந்த அலையை நல்லா உறிஞ்சும். ஆடித்தபசுக் கூட்டத்துல நின்னு, போனைப் பின்பாக்கெட்டுல வச்சுட்டுப் பேசிப் பாருங்க, புரியும்.

மைக் இருக்கிற இடமும் ஒரு சிக்கல். இயர்பட்ஸ்ல அது வாய்கிட்ட இல்ல, காதுகிட்ட. சுத்தி உள்ள சத்தத்தை மென்பொருள் வடிகட்டணும். நம்ம ஊர்ல விசைத்தறி ஓடுற தெருவுல இருந்து பேசுனா, தறி அடிக்கிற சத்தத்தோட சேத்து நம்ம சொல்லையும் பாதி வெட்டி எறிஞ்சுடும். (தறிக்குள்ள நின்னு பாட்டு கேக்குறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை: சத்தத்தை அமுக்க வால்யூமைக் கூட்டாதீங்க. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90 ஆனா வெறும் 4 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. போன காது திரும்பி வராது.)

சரி, இண்டர்வியூக்கு என்ன பண்ண? லேப்டாப்லன்னா வழி சுலபம். மீட்டிங் செட்டிங்ஸ்ல ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டையும், மைக்குக்கு லேப்டாப் மைக்கையும் தேர்ந்தெடுங்க. ஹெட்செட் மைக்கைத் தொடாததால அது பாட்டு முறையிலயே இருக்கும், உங்க குரலும் முழுசாப் போகும். போன்ல பெரும்பாலும் இப்படிப் பிரிக்க முடியாது. அங்க 150 ரூபா வயர் ஹெட்செட்டே ராஜா. ப்ளூடூத்தான் வேணும்னா போனை மேல்சட்டைப்பையில இல்ல முன்னாடி மேசையில வைங்க, ஃபேன் காத்து நேரா காதுல படாம உக்காருங்க.

எல்இ ஆடியோன்னு 2020-ல அறிவிச்ச புது முறையில இந்த ஒடுக்கம் நல்லாவே குறையுது. ஆனா போன், ஹெட்செட் ரெண்டுமே அதை ஏத்துக்கணும். அட்டைப்பெட்டியில 'ப்ளூடூத் 5.3'ன்னு பெருசா போட்டிருந்தா மட்டும் அது உள்ள இருக்குன்னு அர்த்தம் இல்ல, விவரக்குறிப்புல பேரைத் தேடிப் பாருங்க.

இண்டர்வியூக்கு முந்தின நாள், அதே இடத்துல உக்காந்து ஒரு கூட்டாளிக்குக் கால் பண்ணி, உங்க இமெயிலை ஒவ்வொரு எழுத்தா சொல்லி எழுதச் சொல்லுங்க. எழுதுனது சரியா இருந்தா ஹெட்செட்டோட போங்க. தப்பா இருந்தா அதைக் கழட்டி வச்சுட்டு, போனைக் காதுல வச்சே பேசுங்க.