குழந்தையின் பரிசோதனைக் காகிதங்களைப் படித்தறிவது எப்படி?

(ஒரு வட்டார வளர்ச்சி அதிகாரி)

நிலத்தைப் பற்றிய காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் நமது விவசாயிகளிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பட்டா எதற்கு, அடங்கல் எதற்கு, தீர்வை ரசீது எதற்கு என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுங்கூடத் தெளிவாகச் சொல்வார்கள். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ ஒரு குழந்தையின் பரிசோதனை சம்பந்தமாக வரும் காகிதங்களை அவ்வாறு பிரித்தறிவோர் மிகச் சிலரே. அதனால் விளையும் நஷ்டம் நில விவகாரத்தில் விளையும் நஷ்டத்திற்குச் சற்றும் குறைந்ததன்று.

எமது வட்டாரத்தில் ஒரு கிராம சபைக் கூட்டம் முடிந்த பின்னர், விவசாயி ஒருவர் மஞ்சள் பை ஒன்றுடன் என்னிடம் வந்தார். நான்காம் வகுப்பில் படிக்கும் தம் மகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றார். "காதில் சந்தேகம் என்று உபாத்தியாயர் சொன்னார். ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒரு காதுக்கு 65, மறு காதுக்கு 70 என்று மார்க் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், ஐயா. காது தேறிவிட்டது, பெண்தான் கவனிப்பதில்லை" என்று வருந்தினார். காகிதம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பட்டம் பெற்ற எனக்கும் அதன் பொருள் முழுவதும் விளங்கவில்லை. மறுநாள் அதை வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டிய பிறகே உண்மை தெரிந்தது. அந்த எண்கள் மதிப்பெண்கள் அல்ல; அவை காது இழந்துள்ள கேட்குந் திறனின் அளவு. காகிதத்தின் அடியில், இரு காதுகளுக்கும் காதொலிக் கருவி பொருத்த வேண்டும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. காகிதத்தின் தேதியோ இரண்டு ஆண்டுகளுக்கு முந்தியது. அந்த இரண்டு ஆண்டுகளும் அக்குழந்தை கடைசி வரிசையில் அமர்ந்து, கேளாத பாடத்தைக் கவனிக்கவில்லை என்று ஏச்சுக் கேட்டு வந்திருக்கிறது.

தந்தை அக்கறையற்றவர் அல்லர்; காகிதத்தைப் பையில் பத்திரமாகவே வைத்திருந்தார். அதைக் கொடுத்தவர்கள் விளக்கிச் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

காகிதங்கள் பலவகை

இக்காகிதங்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு.

முதலாவது, பள்ளியில் நிரப்பப்படும் கண்டறிதல் படிவம். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்குகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, எழுத்துக்களை மாற்றி எழுதுகிறதா என்பன போன்றவற்றை ஆசிரியர் கவனித்துக் குறிப்பது இது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவும் இத்தகைய சீட்டைத் தருவதுண்டு. இது சந்தேகத்தைக் குறிக்குமேயன்றி முடிவைக் கூறாது. இதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

இரண்டாவது, மருத்துவ மதிப்பீட்டு முகாமில் அல்லது ஆஸ்பத்திரியில் மருத்துவர் தரும் அறிக்கை. குறை எது, எவ்வளவு, செய்ய வேண்டியது என்ன என்பதை இது கூறும். கண்ணாடி, காதொலிக் கருவி, இயன்முறைப் பயிற்சி, அறுவைச் சிகிச்சை முதலிய பரிந்துரைகள் பெரும்பாலும் அறிக்கையின் அடிப்பகுதியிலேயே இருக்கும். ஆகவே முதலில் அதையே தேடிப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, மாற்றுத் திறனாளிச் சான்றிதழும் அதனோடு வரும் தனித்துவ அடையாள அட்டையும். உரிமைகளையும் சலுகைகளையும் பெறுவதற்கு இது ஆதாரம். நிரந்தரமா, தற்காலிகமா என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். தற்காலிகமானால் காலக்கெடு முடியுமுன் புதுப்பித்தல் அவசியம்.

நான்காவது, தனிநபர் கல்வித் திட்டம். சிறப்புப் பயிற்றுநரும் வகுப்பாசிரியரும் பெற்றோரைக் கலந்து தயாரிப்பது. வகுப்பறையில் அன்றாடம் பயன்படுவது இதுவே.

மண் பரிசோதனை அட்டையில் தழைச்சத்துக் குறைவு என்று கண்டால் நாம் வயலைத் தரிசாகப் போட்டுவிடுவதில்லை. என்ன உரம், எவ்வளவு, எப்போது இடுவது என்றே பார்க்கிறோம். குழந்தையின் காகிதங்களையும் அந்த நோக்கத்துடனேயே படிக்க வேண்டும்.

எண்களைப் புரிந்துகொள்ளுதல்

மிகுந்த குழப்பத்தை விளைவிப்பவை எண்களே. சிலவற்றில் எண் கூடினால் நல்லது. சிலவற்றில் கூடினால் கெடுதல்.

காது: ஒலியின் அளவு டெசிபல் என்ற அலகால் குறிக்கப்படும். அருகிலிருப்பவர் சாதாரணமாகப் பேசும் ஒலி சுமார் 60 டெசிபல். ஒரு காதுக்கு 65 என்று எழுதியிருந்தால், ஏறத்தாழ அந்த அளவுக்கு உரத்த ஒலிதான் அக்காதுக்கு முதன்முதலாக எட்டுகிறது என்பது பொருள். அதாவது எதிரே நின்று பேசும் பேச்சே சரியாக எட்டாது. எண் ஏற ஏறக் கேட்கும் திறன் குறைவு. இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உடையவரைச் செவித்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழப்பு உடையவரைக் காது கேளாதவர் என்றும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்துள்ளது.

கண்: 6/6 என்பது இயல்பான பார்வை. 6/18 என்றால், இயல்பான பார்வை உடையவர் 18 மீட்டர் தூரத்திலிருந்து காண்பதை இக்குழந்தை 6 மீட்டர் தூரத்திற்கு வந்தால்தான் காணும் என்று பொருள். கீழே உள்ள எண் பெருகப் பெருகப் பார்வை குறைவு. அந்த அளவு கண்ணாடி அணிந்து எடுத்ததா, அணியாமல் எடுத்ததா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

நுண்ணறிவு ஈவு: இதை நூற்றுக்கு இத்தனை மார்க் என்று கொள்வது பெருந்தவறு. இங்கு 100 என்பது அந்த வயதினரின் சராசரி. 70க்குக் கீழே சென்றால் மேலும் ஆராய்ந்து பார்ப்பார்கள். உண்பது, உடுத்துவது, கடைக்குச் சென்று வருவது போன்ற அன்றாடத் திறமைகளையும் கண்டறிந்த பின்னரே முடிவு கூறுதல் முறை. பசியோடும் காய்ச்சலோடும் இருந்த குழந்தைக்கும், பழக்கமில்லாத பேச்சில் வினாக் கேட்கப்பட்ட குழந்தைக்கும் இந்த எண் குறைந்து காணலாம். அவ்வாறு நேர்ந்திருந்தால் அதைச் சொல்லி மறு பரிசோதனை கேட்பதில் தவறில்லை.

சான்றிதழின் சதவிகிதம்: 40 சதவிகிதம் என்பது சில சலுகைகளுக்குச் சட்டம் வைத்துள்ள எல்லை. குழந்தையால் எவ்வளவு கற்க முடியும் என்பதை அது அளப்பதில்லை. 35 சதவிகிதம் என்று வந்துவிட்டதால் பள்ளியில் உதவி கிடையாது என்று சிலர் கருதுகிறார்கள். இது சரியன்று. குழந்தைக்கு வேண்டிய தனிப்பட்ட உதவியை அளித்து, அதன் முன்னேற்றத்தைக் கவனித்து வருவது கல்வி நிலையங்களின் கடமை என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. அதற்கு 40 சதவிகிதம் என்ற நிபந்தனை இல்லை.

உரிமைகள்

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம் பெற்றிருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. நல்ல புத்தி இருந்தும் எழுத்துக் கூட்டிப் படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் திணறும் குழந்தைகளின் கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. முன்னர் சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் பலர் இவ்வகையைச் சேர்ந்தவர்களாக இருந்திருக்கக் கூடும்.

40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உடைய குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெறும் உரிமை உண்டு. புத்தகங்களையும் உதவிக் கருவிகளையும் 18 வயது வரை இலவசமாக அளிக்கச் சட்டம் வகை செய்துள்ளது. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப் பாட விலக்கு ஆகியவற்றையும் சட்டம் குறிப்பிடுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் இச்சலுகைகளைப் பெற, மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பின் சான்றிதழுக்கு அலைவது வீண் சிரமம். எட்டாம் வகுப்பிலேயே காகிதங்களைச் சரிபார்த்துக் கொள்வது நலம்.

கல்வித் திட்டம் நல்லதா?

தனிநபர் கல்வித் திட்டத்தில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருத்தல் வேண்டும்: குழந்தைக்கு இப்போது என்ன தெரியும், குறித்த காலத்திற்குள் என்ன கற்க வேண்டும், அதற்கு யார் என்ன செய்வார்கள். "கணக்கில் முன்னேற வேண்டும்" என்று மட்டும் எழுதியிருப்பதால் பயனில்லை. "மூன்று மாதத்தில் ஐம்பது ரூபாய் வரை சில்லறை எண்ணிக் கொடுக்கக் கற்க வேண்டும், ஆசிரியர் வாரம் இருமுறை பயிற்சி அளிப்பார், வீட்டில் தாயார் கடைக்கு அனுப்பிப் பழக்குவார்" என்று எழுதியிருந்தால், பலன் கிடைத்ததா என்பதைப் பெற்றோரே சோதித்துப் பார்த்துவிடலாம். குழந்தையை வீட்டில் நாள்தோறும் காண்பவர்கள் பெற்றோர். அது எதை விரும்புகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதை அவர்கள் கூச்சமின்றிச் சொல்லித் திட்டத்தில் சேர்க்கச் செய்ய வேண்டும்.

கையொப்பம் இடுமுன் கேட்க வேண்டியவை

1. இது கண்டறிதல் படிவமா, மருத்துவர் அறிக்கையா, சான்றிதழா, கல்வித் திட்டமா?
2. இதிலுள்ள எண் எதன் அளவு? கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?
3. அடுத்துச் செய்ய வேண்டியது என்ன? யார், எந்தத் தேதிக்குள்?
4. மறு பரிசோதனை எப்போது?
5. எனக்கு நகல் எப்போது கிடைக்கும்?

தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. எல்லாக் காகிதங்களையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து, நகல் எடுத்து, மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ளவும்.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. அங்கத்தினர்கள் அக்குழுவில், பரிசோதனை செய்யப்பட்ட குழந்தைகளுக்குப் பரிந்துரை நிறைவேறியதா என்று கேட்டு வரலாம். மதிப்பீட்டு முகாம் நடைபெறும் நாளை வீடு வீடாகத் தெரிவித்து, நடக்க இயலாத குழந்தைகளுக்கு வாகன வசதிக்கு ஏற்பாடு செய்யலாம். பள்ளியில் சாய்தளமும் தக்க கழிப்பறையும் அமைவதைக் கவனிக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யலாகாது. குழந்தையின் பெயரையும் குறையையும் கிராம சபையில் பலர் முன்னிலையில் வாசிக்கக் கூடாது. பெண் குழந்தையின் காகிதம் வெளியே தெரிந்தால் பின்னால் கல்யாணத்திற்குத் தடை வரும் என்று அஞ்சிச் சான்றிதழே பெறாமல் இருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். காகிதத்தின் விவரம் பஞ்சாயத்தாரிடமிருந்து வெளியே போகாது என்ற நம்பிக்கை பிறந்தாலன்றி அந்த அச்சம் நீங்காது.

மேலே குறிப்பிட்ட குழந்தைக்கு இப்போது இரு காதுகளிலும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. முதல் வரிசையில் அமர்கிறது. எனினும் இழந்த இரண்டு ஆண்டுப் பாடத்தை எட்டிப்பிடிக்க இன்னமும் பாடுபட்டுக் கொண்டிருக்கிறது. அதன் தந்தை அண்மையில் தம் தெருவில் உள்ள மற்றொரு வீட்டாரின் காகிதங்களை எடுத்துக்கொண்டு வள மையத்திற்குத் தாமே வந்திருந்தார். உங்கள் கிராமத்திலும் இவ்வாறு பையில் உறங்கும் காகிதங்கள் இருக்கக் கூடும். அடுத்த மாதம் வரை காத்திராமல், இவ்வாரமே விசாரித்து, அவற்றை உரியவர்களிடம் காட்டச் செய்யுமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.