அளக்கும் கருவியும் ஐயுறும் கண்ணும்

1802ஆம் ஆண்டு நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அப்பணி பல வாரங்கள் நீண்டது. இன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் நில அளவர் பிரிவில் பயிலும் மாணவர், தொலைவையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியின் பொத்தானை அழுத்திய சில நொடிகளில், தொலைவு மில்லிமீட்டர் வரை திரையில் தோன்றுகிறது. அந்த எண்ணை எப்போது நம்பலாம் என்று கற்பிப்பதே ஆசிரியரின் தலையாய பணி என்பேன்.

கருவி அனுப்பும் அகச்சிவப்பு ஒளி எதிரே உள்ள பட்டகத்தில் பட்டு மீள்கிறது. சென்ற அலைக்கும் மீண்ட அலைக்கும் உள்ள கட்ட வேறுபாடே தொலைவாகக் கணிக்கப்படுகிறது. ஒவ்வொரு வகைப் பட்டகத்திற்கும் ஒரு மாறிலி உண்டு. 30 மில்லிமீட்டர் திருத்தம் வேண்டும் பட்டகத்தை நிறுத்திவிட்டுக் கருவியில் சுழி என விட்டுவைத்தால், 10 மீட்டரானாலும் 500 மீட்டரானாலும் அதே 3 சென்டிமீட்டர் பிழை நேரும். நூறு முறை அளந்தாலும் அது வெளிப்படாது, கருவியும் எச்சரிக்காது. அதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே நேர்கோட்டில் மூன்று புள்ளிகளை நட்டு, முழுத் தொலைவையும் இரு பகுதித் தொலைவுகளையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். பகுதிகளின் கூட்டுத்தொகையில் பிழை இருமுறையும் முழுத் தொலைவில் ஒருமுறையும் இருப்பதால், மறைந்திருந்த 3 சென்டிமீட்டர் வெளியே வந்து நிற்கும். தம் கையால் இதைக் கண்டறிந்த மாணவர் மாறிலியைச் சரிபாராமல் இனி அளக்கத் தொடங்கார்.

முக்காலியை ஊன்றிக் குமிழியை நடுவில் நிறுத்தும் பயிற்சியையும் குறைத்தல் ஆகாது. புள்ளிக்கு நேர்மேலே நிற்க வேண்டிய கருவி 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால், 100 மீட்டர் தொலைவில் கோணம் ஏறத்தாழ 10 விநாடி பிறழும். ஐங்கோணச் சுற்றின் உட்கோணங்கள் 540 பாகைக்கு இணங்காதபோது மாணவர் முதலில் ஐயுற வேண்டியது தம் முக்காலியையே.

செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியோ வேறொரு வியப்பைத் தருகிறது. சென்னைக் கடற்கரையில் உலர்ந்த மணலில் நிற்கும்போதே உயரம் சுழிக்குக் கீழே 80 மீட்டருக்கும் மேல் இறங்கியிருப்பதாகக் காட்டக்கூடும். கருவி பழுதன்று. அது அளப்பது, கணக்கிற்காகக் கொண்ட சீரான நீள்வட்டக் கோளத்திலிருந்து உள்ள உயரம். ஈர்ப்பு விசையின் ஏற்றத்தாழ்வால் இப்பகுதியில் கடல் மட்டம் அக்கோளத்திற்கு வெகு கீழே அமைந்துள்ளது. வாய்க்கால் வெட்டுவோருக்கு வேண்டியதோ நீர் ஓடும் திசையைச் சொல்லும் உயரம். ஆகவே, அருகிலுள்ள மட்டக்குறியிலிருந்து மட்டமானியால் உயரத்தைக் கொண்டுவரச் செய்து, இரண்டையும் களக்குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதவைத்தல் வேண்டும்.